எஸ்தர், வா

இன்று சித்தூர் அலுவலகம் ஒன்றில் ஃபேக்ஸ் கருவி கீச்சிட்டதும் நான் 1989 செப்டம்பருக்குப் போய்விட்டேன்.

அப்போது நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு தகவல் பலகை நடத்தினார். திருப்பதி மாணவர்கள் மோடம் வழியாகத் தொலைபேசியில் அதற்குள் வருவார்கள். அவர்களுக்காகப் பாடம் சொல்லும் புரோகிராம் ஒன்றை அதோடு சேர்த்தார். அழைப்பவரின் பெயரைப் பலகை ஒரு கோப்பில் எழுதும்; பாடப் புரோகிராம் அதைப் படித்து அவரை வரவேற்க வேண்டும். நைனாவோ சோதனைக்காக அக்கா எஸ்தரின் பெயரை எழுதிவைத்த கோப்பையே பாடத்துக்குக் காட்டி, பிறகு மாற்ற மறந்துவிட்டார்.

அந்த வாரமே மூளைக்காய்ச்சலில் அக்கா இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு மாணவர் போன் செய்தார். "சார், யாரு வந்தாலும் ‘எஸ்தர், வா’ன்னு கூப்புடுது!"

நைனா சரிசெய்ய உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"அவ பேரு வந்துகினு கீது இல்ல? இருக்கட்டும்."

"பசங்க சிரிக்கறாங்கடி."

"சிரிக்கட்டும்."

நைனா மாற்றவில்லை. அழைப்பவர் பார்ப்பதெல்லாம் எங்கள் திரையிலும் தெரியும். மோடம் கீச்சிடும்போதெல்லாம் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து திரைமுன் நிற்பாள். "வந்துட்டா," என்பாள்.

ஃபேக்ஸ் ஓய்ந்தபோது என் வாய் தானாகச் சொன்னது: "வந்துட்டா."

"யாரு மேடம்?" என்று எழுத்தர் வாசலைப் பார்த்தார்.