பத்து வாட்

ஒரு வருடம் வந்த புயலில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு ஆறு நாள் கரண்ட் வரவில்லை. ஏழாம் நாள் ஃபேன் சுற்றியதும் தெருவில் ஆளாளுக்கு இன்வெர்ட்டர் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நானும் பேசினேன். எங்கள் வீடு அப்பா கட்டியது. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் மனைவியும் மகளும். மீட்டர், வாசல், குப்பைக்கூடை எல்லாம் தனித்தனி. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை.

அண்ணன் கரண்ட் ஆபீசில் வயர்மேனாக இருந்தவர். காற்றடித்த மறுநாள் தெருவே அவர் சைக்கிளுக்காகக் காத்திருக்கும். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கச் சொன்னார் டாக்டர். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பம்பு கட்டிலில் தொங்கும். அது ஓயாமல் ஓடி மெத்தையின் வரிகளில் காற்றை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும். கரண்ட் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் மெத்தை சப்பிப்போகும், கட்டில் பலகை முதுகில் அழுந்தும். அந்த ஆறு நாளும் அண்ணி அவரைக் கையாலேயே புரட்டிப் புரட்டிப் போட்டுச் சமாளித்தார்.

அதனால்தான் முட்டி வலியோடு மாடி ஏறி வந்து கேட்டார்.

"தம்பி, இன்வெட்டரு போடப் போறீங்களாம்ல. பாதிப் பணம் நாங்க குடுத்துர்றோம். கீழ ஒரே ஒரு பாயிண்ட்டு குடுங்க. லைட்டு ஃபேனு எதுவும் வேணாம், அந்த மெத்த ஓடுனா போதும்."

"கடையில கேட்டுட்டு வந்து சொல்றேன் அண்ணி" என்றேன்.

எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்திலிருந்த பேட்டரி கடைக்கு ஒரு மாதம் போல நடந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. லித்தியம் பேட்டரி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இடம் அடைக்காது, விலைதான் அதிகம் என்றார். சாதா பேட்டரி கனம், ஆனால் ரிப்பேர் வந்தால் கடலூரிலேயே ஆள் இருக்கிறது என்றார். நான் சாதாவில் இரண்டு எடுப்பதென்றும், நாள் கணக்கில் கரண்ட் இல்லாவிட்டாலும் தாங்கும்படி மாடியில் இரண்டு சோலார் பலகை வைப்பதென்றும் முடிவு செய்தேன். எது எது ஓடும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மூன்று ஃபேன், ஐந்து விளக்கு, டிவி, மிக்சி.

"வேற எதாச்சும் இருக்குதா சார்? வீட்ல வயசானவுங்க, மெடிக்கல் சாமான் எதாச்சும்?"

"காத்து மெத்தை ஒண்ணு."

அவர் சிரித்தார். "அது பத்து வாட்டு கூட இழுக்காது சார். நைட் லாம்பு மாதிரி. அதையெல்லாம் நான் கணக்குலயே சேக்கறதில்ல." தாளின் பின்பக்கம் ஏதோ கிறுக்கி என்னிடம் கொடுத்தார்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன். படியேறாமல் நேரே கீழ்வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"லோடு தாங்காதாம் அண்ணி. இன்னொரு பேட்டரி சேத்து பெருசா எடுக்கணுமாம். இப்ப கைவசம் பணம் இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்."

அண்ணி தலையாட்டினார். உள்ளே கட்டிலிலிருந்து அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மகள் பிறப்பதற்கு முன் எனக்கு வேலை போய், மனைவியோடு இந்த மாடிக்குத் திரும்பி வந்தேன். அப்போது ஒரே மீட்டர். கரண்ட் பில் ஏறுகிறது என்று அண்ணன் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுக்கு ஒரு தகரப் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டார். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழ்க்குழாயில் பிடித்து மேலே தூக்க வேண்டும். மனைவிக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் அவள் குடத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டாளாம். அண்ணன் பார்த்தும் பாராமல் கடந்து வேலைக்குப் போனாராம். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. கீழே அவர் வாய் கோணிக் கிடப்பதைப் பார்க்கும் போதெல்லாம் அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வரும். இரக்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி புயல் வந்தது. விடியற்காலையில் கரண்ட் போனது. மதியம் காற்று ஓய்ந்தபோது தெருமுனையில் மூன்று கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எங்கள் மாடியில் ஃபேன் சுற்றியது. சோலார் பலகைகள் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போனுக்குச் சார்ஜ் போட ஏறி வந்து, என் தேர்வைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மகள் டிவி பார்த்தாள்.

மாலையில் அண்ணி வந்தார். போன் எதுவும் எடுத்து வரவில்லை.

"மெத்த இறங்கிப்போச்சு தம்பி. ஒரே ஒரு ஒயரு மட்டும் கீழ வுடுங்களேன், கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்திர்றேன்."

"லோடு இழுத்து எல்லாம் ஆஃப் ஆயிட்டா என்ன பண்றது அண்ணி? நான் வேணா வந்து புரட்டிப் போடுறேன்."

போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் போய் அண்ணன் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துப் புரட்டினேன். கனமான உடம்பு. எனக்கு வியர்த்தது. அண்ணி, "நீங்க இல்லாட்டி என்ன பண்ணுவேன் தம்பி" என்றார். அதைக் கேட்கவும் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. என் பேட்டரிகள் பத்து மணிக்கெல்லாம் நிறைந்துவிட்டன. அண்ணி வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தார். நான் அண்ணனைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவர் என் சட்டையை இடக்கையால் பற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் பேச்சு யாருக்கும் முதல் தடவையில் விளங்காது. எல்லோரும் இரண்டு தடவை கேட்போம். எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது.

"பத்து வாட்டுடா" என்றார்.

நான் திருப்பிக் கேட்கவில்லை. விளங்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு தலையணையைச் சரிசெய்தேன். அவர் சட்டையை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை அண்ணி அவர் முதுகைக் காட்டினார். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து நீர் கசிந்தது. மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒயர வுட வேண்டியதுதான? எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"லோடு..."

"அந்தக் கடைக்காரரு எழுதுன தாளு பீரோலதான் கெடக்குது. பின்பக்கம் 'மெத்தை - ஒண்ணுமில்லை'ன்னு எழுதியிருக்காரு. நானும் கேக்கலாம் கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "உன்னைக் கொடத்தோட படியில உக்கார வச்சவரு அவரு. மறந்துட்டியா?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"தண்ணி தூக்குனது நானு. நீங்க அப்ப மெட்ராஸ்ல வேல தேடிக்கிட்டு இருந்தீங்க. ஒரு கொடம் தூக்குனீங்களா? எனக்கே இல்லாத கோவம் உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

உண்மையில் அந்த நேரத்தில் கோபம் கூட இல்லை. இப்போது ஒயரை விட்டால், முன்பே விட்டிருக்கலாம் என்பது அண்ணிக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்துக்காக இன்னும் ஒரு நாள் அவரைப் பலகையில் கிடத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினாள். பம்பு ஓட ஆரம்பித்தது. மாடியில் விளக்கு ஒரு துளிகூட மங்கவில்லை.

"லோடு தாங்குதா?" என்று கீழேயிருந்து அண்ணி கேட்டார்.

"மேல ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டோம்க்கா" என்று மனைவி குரல் கொடுத்தாள். சொன்னதோடு மூன்று ஃபேனையும் நிறுத்தினாள். கரண்ட் வரும் வரை ஒன்றைக்கூடப் போடவில்லை. மகளுக்கு வேர்க்குரு போட்டது. ஏம்மா என்று அழுதவளுக்கு விசிறி எடுத்துக் கொடுத்தாள். என் பொய்யைக் காப்பாற்ற அவர்கள் இருவரும் ஒன்றரை நாள் புழுக்கத்தில் கிடந்தார்கள்.

கரண்ட் வந்தது, புண் ஆறவில்லை. உள்ளே குழிந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை இரண்டு முறை சுரண்டி எடுத்தார்கள். கட்டுப் பிரிக்கும்போது அண்ணன் எழுப்பும் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். மனைவிதான் கீழே போய்க் கூடமாட ஒத்தாசை செய்தாள். நான் காலையில் சீக்கிரமே சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். பங்குனியில் காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் கிருமி கலந்து, ஐந்தாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணி, "கொழுந்தனாரு ஃபேன நிறுத்திட்டு எங்களுக்கு ஒயரு வுட்டாரு. எந்தத் தம்பி செய்வான்?" என்று சொல்லிச் சொல்லி அழுதார். என் மாமனார் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

காரியம் முடிந்து அண்ணி மேல்பட்டாம்பாக்கத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். நிழலில் நின்றிருந்தபோது, யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

"அது பத்து வாட்டு தான்னு, லோடு தாங்காதுன்னு நீங்க வந்து சொன்ன அன்னிக்கே உங்க அண்ணன் எங்கிட்ட சொல்லிட்டாரு தம்பி."

பை என் கையில் இருந்தது.

"நாந்தான் பேசாம இருங்கன்னேன். மேல போயி நான் சண்ட புடிச்சா நீங்க கீழ இறங்க மாட்டீங்க. அவரத் தூக்கிப் புரட்ட எனக்கு ஒரு ஆளு வேணும்ல."

"அண்ணி, வந்தவுங்ககிட்ட எல்லாம்..."

"ஆமா, சொன்னேன். அந்த வீட்டுல எனக்கும் பாதி இருக்குது. நாளைக்கு அத விக்கறதுக்கு உங்க கையெழுத்து வேணும். அதுவரைக்கும் நீங்க நல்லவராவே இருங்க."

பஸ் வந்தது. என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக ஏறினார். கை கொடுக்க நீட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.