ஆழ்வாப்பிள்ளையின் இடதுபக்க விளக்கு

தொண்டைமானாற்று ஆழ்வாப்பிள்ளை ஐம்பது வயது வரை கடலுக்குப் போனவர். முதுகு ஏலாமல் போனபின் படகையும் எஞ்சினையும் விற்று ஒரு பழைய கார் வாங்கினார். அதையும் படகைப் போலவே பராமரித்தார். எங்காவது இரும்பு தெரிந்தால் துருவைச் சுரண்டி, படகுக்கு வாங்கி மிஞ்சியிருந்த நீலப் பெயின்ற்றைப் பூசிவிடுவார். வெறும் இரும்பை உப்புக்காற்றுக்குக் காட்டக்கூடாது என்று கடலில் பழகிய கை அது.

ஊரில் அவசரம் என்றால் அந்தக் காரைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து வளவு நாகேஸ்வரிக்குச் சிறுநீரகம் பழுதானபின், திங்களும் வியாழனும் விடியமுன் அவரை இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது அவர்தான். அப்படிப் போய்வந்த ஒரு வியாழன் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நாகேஸ்வரியின் தங்கை மகன், அவருடைய பெறாமகன், தன் காரில் அவரைக் கொண்டுபோய் வந்தான். அவன் லீவு முடிந்து கொழும்புக்குத் திரும்பிவிட்டான். திங்கட்கிழமை தானே கொண்டுபோவதாக ஆழ்வாப்பிள்ளையின் மகள் வினோஜா சொன்னாள். முதல் பஸ்ஸில் போவதாக நாகேஸ்வரி மறுத்துப் பார்த்தார். அந்த பஸ் போய்ச் சேர்வதற்குள் அவருடைய முறை தப்பிவிடும் என்று இருவருக்கும் தெரியும். முறை தப்பினால் அவருக்குக் கால் வீங்கி மூச்சு முட்டும்.

ஞாயிறு பின்னேரம் வினோஜா காரை மதிலைப் பார்க்க நிறுத்தி விளக்குகளைப் போட்டாள். வலது விளக்கு வெள்ளையாக விழுந்தது. இடது, குப்பி விளக்குத் திரி மாதிரி மஞ்சளாக மங்கியிருந்தது. பாலம் தாண்டினால் அச்சுவேலி வரை இருட்டு. சைக்கிள்காரரும் படுத்திருக்கும் மாடுகளும் இருப்பது தெருவின் இடது ஓரத்தில். இந்த விளக்கோடு போக முடியாது.

அவள் மின்னியல் படித்தவள். ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை. முதலில் இரண்டு பல்ப்புகளையும் இடம் மாற்றிப் போட்டாள். இடது அப்போதும் மங்கல்தான். பல்ப்பில் பிழையில்லை.

மீற்றரை எடுத்தாள். பற்றரியில் பன்னிரண்டு வோல்ற்றுக்கு மேல் இருந்தது. எரிந்துகொண்டிருந்த இடது விளக்கில் ஒன்பதுதான். விளக்கிலிருந்து மின்சாரம் காரின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் மூன்றும் அந்தத் திரும்பும் வழியில் தொலைந்துகொண்டிருந்தது. ஒரு தனி வயரை விளக்கிலிருந்து நேரே பற்றரியின் எதிர்முனையில் தொட்டாள். மங்கியிருந்த விளக்கு சட்டென்று வெள்ளையானது.

கழற்றும்போது ஒன்றைக் கவனித்தாள். பல்ப் செருகும் முனைகள் எல்லாம் கிறீஸுக்கு உள்ளே புதிது போல் மினுங்கின. இந்தக் காற்றில் அவை எப்போதோ பச்சை பூத்து உக்கியிருக்க வேண்டும். கார் இன்னும் ஓடுவது அப்பாவின் கையால்தான்.

மின்சாரம் திரும்பும் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். அது சக்கரத்தை மூடும் மட்காட்டின் உட்பக்கம் ஒரு போல்ற்றில் முடிந்தது. கழற்றினால், வயரின் வளையத்துக்கு அடியிலும் நீலம். துருவைச் சுரண்டி, பெயின்ற் அடித்து, காயவிட்டு, அதற்கு மேலேதான் வயரைப் பூட்டியிருக்கிறார். இவ்வளவு காலமும் மின்சாரம் போல்ற்றின் திருகுப் புரி வழியாக மட்டும் போயிருக்கிறது. இப்போது புரியும் துருப்பிடித்துவிட்டது.

அம்மா உதயகலா தேத்தண்ணியோடு வந்து, பல்ப் போய்விட்டதோ என்று கேட்டாள்.

"இல்லையம்மா. இரும்புக்கும் வயருக்கும் நடுவிலை பெயின்ற் அடிச்சிருக்கிறார்."

அம்மா குனிந்து பார்த்தாள். "நான் அசையாமல் நிண்டிருந்தால் என்னையும் சேர்த்து அடிச்சிருக்கும், அந்த மனுசன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வினோஜா இரும்பு வெளுக்கும் வரை சுரண்டினாள். வளையத்தைத் தேய்த்து, புதுப் போல்ற் போட்டு இறுக்கினாள். விளக்கைப் போட்டபோது மதிலில் இரண்டு வட்டமும் ஒரே வெள்ளையாக விழுந்தன. வெறும் இரும்பை அப்படியே விட அவளுக்கும் மனம் வரவில்லை. நீலப் பெயின்ற் தகரத்தைத் தேடி எடுத்து, இறுக்கிய போல்ற்றின் மேல் பூசினாள். அவர் செய்ததையே செய்தாள், வரிசையை மட்டும் மாற்றி.

விடியமுன் பாலம் தாண்டிப் போகையில் இடது ஓரத்தில் ஒரு கறுத்த மாடு படுத்திருந்தது. தூரத்திலேயே தெரிந்தது. வேகத்தைக் குறைத்து விலத்திப் போனாள்.

அச்சுவேலி வந்தபின் நாகேஸ்வரி சொன்னார்.

"உன்ரை அப்பாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, பிள்ளை. வாயெடுத்தாலே ரேடியோச் சத்தத்தைக் கூட்டிப்போடுவார்."

"ஓம் மாமி. வீட்டிலையும் அப்பிடித்தான்."

"உனக்குச் சொல்லட்டோ?"

வினோஜா தெருவைப் பார்த்தபடி தலையாட்டினாள். நாகேஸ்வரி அவள் தோளைத் தொட்டுச் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள், அப்பாவுக்கும் சேர்த்து.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நாகேஸ்வரியின் முறைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வியாழக்கிழமையும் வாறன், மாமி," என்றாள்.