உப்பளத்து வீட்டில் உப்பில்லாப் பத்தியம்

நடந்தது இந்த வரிசையில்:

1. உப்பு வாரும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.
2. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டன. வெயில் என்றார்கள்.
3. நடை தள்ளாடி வரப்பிலிருந்து பாத்திக்குள் விழுந்தாள். குடித்திருப்பாள் என்றார்கள்.
4. மாத்திரைதான் காரணம் என்று மாமியார் அதை அட்டையோடு வாய்க்காலில் எறிந்தார்.
5. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்தாவது முதலில் நடந்திருக்க வேண்டும். கை நடுங்கினால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள் என்று அந்த வீட்டு வாசலில் நின்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

சுனாமி வந்த மறு வருடம் அது. மரக்காணம் பக்கத்துக் கிராமங்களுக்கு மனநலச் செவிலியாக என்னைப் போட்டிருந்தார்கள். வந்துபோன ஆலோசகர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். இவளுடைய நோய் அலைக்கு முன்பே இருந்தது. சில மாதம் தூங்காமல் பேசுவாள், பாடுவாள், சண்டைக்குப் போவாள். பிறகு சில மாதம் பாயைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். லித்தியம் மாத்திரை தொடங்கிய பிறகுதான் ஒழுங்காக வேலைக்குப் போனாள். நோய் மறுபடி ஆரம்பித்தால் அவளை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், பிள்ளைகள் இங்கேதான் இருக்கும் என்று மாமியார் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் லித்தியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கூடுதலாக மாத்திரை போட்டாளா என்று டாக்டர் கேட்டார். இல்லை. என்ன சாப்பிட்டாள் என்று மாமியாரைக் கேட்டேன்.

"பத்தியக் கஞ்சிதான். உப்பு போடல."

உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது. அது இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். வெயிலில் நின்று வியர்வையில் உப்பை இழக்கிறவளுக்குக் கேட்கவே வேண்டாம். உப்பையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேனே என்றேன்.

"அவதான் சொன்னா, உப்பு போடுன்னு நர்சம்மா சொல்லிச்சுன்னு. வாய் ருசிக்குக் கேக்குறான்னு நெனச்சேன். மருந்து சாப்புடுறவளுக்கு யாராவது உப்பு போடுவாங்களா? எம்புள்ளைக்கு மஞ்சக்காமால வந்தப்ப உப்பையே கண்ணுல காட்டல. பொழச்சான்ல?"

"அது வேற நோய், இது வேற நோய்ம்மா. அவங்க சொன்னதைக் கேட்டிருந்தா இங்க வந்திருக்கவே வேணாம்."

"பைத்தியம் சொல்றத எப்பிடிம்மா நம்புறது?"

கட்டிலில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மருமகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "காலு ஒரு பக்கம் இழுக்குதுன்னு கூடத்தான் சொன்னேன். நடிக்காதடின்னாங்க."

நோயாளிக்குச் சொல்லிக்கொடு, குடும்பத்துக்கும் சொல்லிக்கொடு என்பது எங்கள் படிப்பில் முதல் வருடத்துப் பாடம். நோயாளி உண்மையைச் சொன்னாலும் வீட்டில் செல்லாது என்று எந்த வருடத்துப் பாடத்திலும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். உப்பு அவசியம் என்று மாமியாருக்குப் புரியவைத்தேன். புரிந்தது, அளவுக்கு மேலேயே புரிந்தது. சில வாரத்தில் மருமகள் என்னைத் தேடி வந்தாள்.

"சிஸ்டர், கொழம்பு வாய்ல வைக்க முடியல, அப்பிடிக் கரிக்குது. காலைல உப்புத்தண்ணி வேற கரச்சுக் குடுக்குறாங்க. நான் சொன்னா திமிருன்றாங்க. நீங்க வந்து ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க."

போய்ச் சாப்பிட்டேன். கரித்தது. உப்பு அளவுக்கு மீறினால் மருந்து உடம்பில் தங்காது, பழைய நோய் திரும்பும் என்று அடுப்படியில் நின்றே இன்னொரு பாடம் நடத்தினேன். அவளுக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சட்டி என்றேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போடலன்னாலும் தப்பு, போட்டாலும் தப்பு. நீயே வந்து ஆக்கிப் போடேன்."

இப்போது ஒரே சட்டிதான். இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறது. அவள் அளத்து வேலைக்குப் போகிறாள், பிள்ளைகள் அவளோடு இருக்கின்றன. தலைவலி என்று அவள் சொன்னால் மட்டும், அது நிஜமா என்று மாமியார் இன்னமும் என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.