கம்ப்யூட்டருக்குள் ஒரு கொழுந்துத் தராசு

என் வீட்டுக்காரர் நுஸ்கி மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருக்கிறார். போட்டோக்கொப்பி மெஷின் என் பொறுப்பு. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்றும் வாங்குவதில்லை. வீரம்மாக்காவும் அப்படித்தான் வந்தார்.

இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்து முட்டிக்கால் தேய்ந்தவர். மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாமல் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து, கொழுந்து நிறுக்க ஒரு பெண்ணைப் போடப்போவதாகத் தோட்டத்தில் அறிவித்தார்கள். நிறையைக் கையடக்க மெஷினில் பதியத் தெரிந்திருக்க வேண்டும், திங்கட்கிழமை சோதிப்பார்கள். மெஷினோ ஆபீசில் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரைக் காட்டாமல் நீச்சல் பரீட்சை வைக்கிறவர்களை என்ன சொல்ல!

"அது போன் மாதிரித்தான் அக்கா. கம்ப்யூட்டருக்குள்ளயே அந்த மாதிரி ஒரு போனை உண்டாக்கலாம்," என்றார் இவர். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். திரையில் ஒரு போன் முளைத்தது. பழகிப் பார்க்க இலவசமாகக் கிடைத்த, தோட்டத்து மெஷினில் இருக்கிற அதே மென்பொருளை அதற்குள் இறக்கினார்.

வீரம்மாக்கா மவுஸைத் தொடவில்லை. "கொழுந்து எங்க தம்பி?"

"சும்மா ஒரு நம்பரை அடிங்க."

"இல்லாத கொழுந்த நிறுத்தா பாவம் தம்பி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. போட்டோக்கொப்பிக்கு நாலு பேர் காத்து நிற்கிறார்கள். கடைசியில், முந்தின நாள் தராசு காட்டியதை அடிப்பதென்று முடிவானது. அது பொய்யில்லையாம். கூட வேலை செய்கிற இருபது பெண்களின் நிறையும் அவருக்கு மனப்பாடம்.

முதலில் மீனம்மா. தராசு காட்டியது இருபத்திரண்டு கிலோ. அடித்தார். இருபத்தொன்று என்று பதிந்தது.

"உங்க மெஷின் பிழை தம்பி."

இவருக்குச் சுருக்கென்றது. அந்தத் திரைப் போனுக்குள்ளேயே பிரவுசரைத் திறந்து, மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். தமிழிலும் இருந்தது. வீரம்மாக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்: சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ தானாகக் கழியும்.

அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "நேத்து மீனம்மாவுக்குக் கணக்குல விழுந்தது பதினெட்டு," என்றார். "சாக்குக்கும் ஈரத்துக்கும்னு நிறுவை பாக்குற ஐயா மூணக் கழிச்சிட்டுத்தான் மெஷின்லயே அடிக்கிறாரு."

நான் போட்டோக்கொப்பியை நிறுத்திவிட்டு வந்தேன். "ரெண்டு தரம் கழிச்சிருக்காங்க! போய்க் கேளுங்க அக்கா!"

"கேட்டா எனக்கு வேல தருவாங்களா, அஃப்னா?"

நான் போட்டோக்கொப்பிக்குத் திரும்பினேன். அவர் மீதிப் பத்தொன்பது பேரையும் அடித்துப் பழகினார்.

திங்கட்கிழமை நடந்ததை மீனம்மாதான் வந்து சொன்னாள். சோதனைக்கு வந்த மற்ற இரண்டு பெண்கள் பொத்தானைத் தேடி முடிப்பதற்குள் வீரம்மாக்கா ஐந்து பேரைப் பதிந்துவிட்டாராம். அன்று பகல் நிறுவையே அவர் கைக்கு வந்தது. முதல் சாக்கு மீனம்மாவுடையது, இருபத்து நாலு கிலோ.

"மூணக் கழிச்சு அடி," என்றாராம் ஐயா.

வீரம்மாக்கா குரலை உயர்த்தவில்லை. லயத்து வீடுகளில் பைப்புத் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாராம். "மீனம்மா, சாக்குக்கும் ஈரத்துக்கும் மெஷினே ஒண்ணு கழிக்குது. ஐயா இன்னும் மூணு கழிக்கச் சொல்றாரு. கழிக்கவா?"

"வேணாங்க்கா."

இருபத்து நாலையே அடித்தார். இப்படி இருபது பேரிடமும் கேட்டார். ஐயா தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

செவ்வாய்க்கிழமை மெஷின் வேறொரு ஆளிடம் போனது. வீரம்மாக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே மனுஷி!

அன்று பகல் நிறுவையில் அந்த ஆள் மூன்றைக் கழிக்கப் போனான். மீனம்மா தராசிலிருந்து சாக்கை இறக்கவில்லை.

"எங்களக் கேட்டு நிறுக்கிற ஆளு வரட்டும்," என்றாள்.

பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. கொழுந்து ஏற்ற வந்த லொறி டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார், பிறகு இறங்கி வந்தார்.

"அந்த அக்காகிட்டயே குடுத்துருங்க ஐயா. நான் ஃபெக்டரிக்குப் போகணும்."

ஐயா கொடுத்தார். வீரம்மாக்கா உள்ளதை உள்ளபடி அடித்தார். அன்றிலிருந்து அவர்தான் நிறுக்கிறார்.