மந்திரப் பெட்டியும் கிரஷர் மெஷினும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்திருப்பேன், போன் அடித்தது. எங்கள் நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தனபால். ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வெடுக்கத் தெரியாதவர்.

"மேடம், நம்ம ஏரியாவுல சாமியப் போட்டு அரைக்கறாங்க. நீங்க பத்திரிகையில எழுதணும்."

எழுதாமல் என்ன சார்... இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நினைத்த மாதிரி வராது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். வேங்கிக்கால் தாண்டி எங்கள் நகரின் கடைக்கோடியில் ஒரு ஷெட். கீழ்பென்னாத்தூர்க்காரர் பரிமளா அதை வாடகைக்கு எடுத்து, எலக்ட்ரானிக் கழிவைப் பிரிக்கும் யூனிட் நடத்தினார். பழைய கீபோர்டு, செட்டாப் பாக்ஸ், சார்ஜர், வயர் என்று எது வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் மெஷினுக்குள்ளேயே தீப்பிடித்துக்கொள்ளும். பிறகு கிரஷரில் போட்டால் எல்லாம் பொடிப்பொடி. பெல்ட்டின் மேல் தொங்கும் காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். மிச்சம், தண்ணீர் ஓடுகிற சாய்ந்த மேஜைக்குப் போகும். முறத்தில் புடைக்கிற மாதிரி அந்த மேஜை ஆடிக்கொண்டே இருக்கும். கனமான செம்பு ஒரு பக்கம், லேசான பிளாஸ்டிக் இன்னொரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவிடும். நெருப்பும் கிடையாது, புகையும் கிடையாது.

அந்த மெஷினில் வேலை பார்த்தவர் ஏழுமலை. அதற்கு முன் பல வருஷம் ஏரிக்கரையில் வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தவர். பிளாஸ்டிக் எரிந்துவிடும், செம்பு மிஞ்சும் — அதுதான் டெக்னாலஜி. நுரையீரல் மிஞ்சுமா? ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச மாட்டார், இருமல் பிடுங்கும். யூனிட்டுக்கு வந்த பிறகுதான் மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சங்கம் ஒரு கூட்டமாவது போட்டதா? ஊஹூம். கொசுவர்த்தி வாசனையை விட இது கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம்.

இப்போது மட்டும் ஏன் பொங்கினார்கள்? மந்திரப் பெட்டி!

உங்கள் வீட்டுப் பூஜையறையிலும் இருக்கும். கையடக்கமான பிளாஸ்டிக் டப்பா. கரன்ட்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். ராத்திரி பகல் பார்க்காமல் 'ஓம் நமசிவாய' சொல்லிக்கொண்டே இருக்கும். கிரிவலம் வருகிறவர்கள் பாதிப் பேர் கையில் ஒன்றோடுதான் ஊருக்குப் போகிறார்கள். கெட்டுப்போனால்? குப்பையில் போட மனசு வராது, சாமி பேர் சொன்ன பெட்டியாயிற்றே. கண்ணாடி உடைந்த சாமி படத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் வைப்போம் இல்லையா, அதே மாதிரி இதையும் வைத்துவிடுகிறோம். விபூதி குங்குமம் இட்டு. அது வெயிலில் பிளந்து, மழையில் பாசி பிடித்து, பேட்டரி உப்பி ஒழுகினாலும் பரவாயில்லை. மரத்தடியில் கிடந்தால் மரியாதை.

அப்படிச் சேர்ந்த குவியலைத்தான் பரிமளா மூட்டை கட்டி எடுத்துப் போனார். அதைத்தான் தனபால் பார்த்துவிட்டார்.

அன்று மாலையே கூட்டம். பரிமளாவை வரச் சொன்னார்கள். ஷெட்டின் சொந்தக்காரரும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். தனபால் தாம் ஷெட்டிலிருந்து மீட்டு வந்த மூட்டையை மேஜை மேல் தொப்பென்று வைத்தார். வைத்த வேகத்தில் உள்ளே ஒரு பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. 'ஓ...ம்... ந...ம...' என்று ஜவ்வாக இழுக்க ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து கைகூப்பினோம். அது நிற்பதாக இல்லை. உட்காரவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. மந்திரத்தை நிறுத்துகிற பாவத்தை யார் செய்வது? கடைசியில் பரிமளாதான் உள்ளே கைவிட்டுப் பேட்டரியைப் பிடுங்கினார். சங்கம் அமர்ந்தது.

மரத்தடியிலேயே விட்டிருக்கலாமே என்றார் ஒருவர். அவ்வளவு பக்தி இருந்தால் ஆளுக்கு ஒன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் பரிமளா. ஐயையோ, பின்னமானது வீட்டுக்கு ஆகாதாம். சரி, கோயில் திருப்பணி என்றால் சாமியைக் கும்பத்தில் இறக்கிவிட்டுத்தானே வேலையைத் தொடங்குகிறார்கள்... அதே மாதிரி ஒரு குருக்களைக் கூப்பிட்டுச் செய்துவிட்டு அப்புறம் அரைக்கிறேன் என்றார். ஒரு மனுஷி இதற்கு மேல் எப்படி இறங்கி வருவது?

தனபால் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் விக்கிரகத்துக்கும்மா. பெட்டிக்கு சாஸ்திரத்துல எடமில்ல."

"பெட்டியே சாஸ்திரத்துல இல்லீங்களே" என்றார் பரிமளா.

பதில் இல்லாதபோது சங்கம் என்ன செய்யும்? தீர்மானம் போடும். யூனிட் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று போட்டார்கள். எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான். மேடம் எப்பவும் தமாஷ் என்று சிரித்துவிட்டார்கள்.

ஷெட்காரர் பரிமளாவை வாசலில் நிறுத்திச் சொன்னார்: "உம் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. சாமி விஷயம். பேரன் பேத்தியெல்லாம் இருக்குது. காலி பண்ணிடு."

பண்ணிவிட்டார். மெஷின் கீழ்பென்னாத்தூரில் அவர் அண்ணன் வீட்டுக் களத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. வேறு இடம் தேடுகிறார். விஷயம் அவருக்கு முன்னால் போய்விடுகிறது. சாமியை அரைக்கிற பொம்பளை என்றால் யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்? மூட்டையைச் சங்கத்தார் பயபக்தியோடு மறுபடி மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

நேற்று சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போனேன். கரும்புகை. பக்கத்தில் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏழுமலை. தீயில் வயரோடு வயராக மந்திரப் பெட்டிகளும் உருகிக்கொண்டிருந்தன. மரத்தடியிலிருந்து பொறுக்கி வந்தவை. ஓரமாகக் கிடந்த ஒன்றில் குங்குமம் கூட அழியவில்லை.

"இன்னாங்க மேடம் பண்றது? எனக்குத் தெரிஞ்சது இதான்." சொல்லி முடிப்பதற்குள் இருமல். பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து தனபால் வாக்கிங் வந்தார். நின்றார். தீயைப் பார்த்தார், உள்ளே உருகுவதையும் பார்த்தார். எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அரைத்தால்தான் பாவம். எரித்தால்... ஹோமம் போலிருக்கிறது!