ஏழாவது கதிரில் ஒரு குருவி

உங்கள் தொழிலின் உயிர் எந்த அறையில், எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டி இன்று மாலை நின்றுபோனால் நாளைக் காலை உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று எப்போதாவது உங்களை நீங்களே கேட்டுக்கொண்டதுண்டா?

கணினி பழுதுபார்ப்பவனின் தொழில் விசித்திரமானது. எல்லாம் நன்றாக ஓடும்வரை அவன் சொல்வதை யாரும் கேட்பதில்லை. நின்றுபோன பிறகு அவனிடம் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை. ஆரணிப் பட்டு வியாபாரிகளின் கணினிகளோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். கணினியை நம்பிக் கடை நடத்தி, அது கைவிட்ட நாளில் தலையில் கைவைத்து உட்கார்ந்த அன்பர்களே, உங்களோடு உட்கார்ந்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பூட்டிய அறை

தொண்ணூறுகளின் இறுதியில், தனசேகர் என்ற பட்டுச்சேலை உற்பத்தியாளர் டிசைன் வரைவதற்காகக் கணினி வாங்கினார். அதற்கென்று ஒரு குளிர்பதன அறை கட்டினார். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். டிசைன் வரைய கஸ்தூரி என்ற பெண்ணை அமர்த்தினார். அரிசி ஆலைகள் நிறைந்த களம்பூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். அவள் தந்தை அங்கே ஓர் ஆலையில் மூட்டை தூக்கியவர்.

அவள் முதன்முதலாகத் தானே கற்பனை செய்து வரைந்தது ஒரு சேலைக் கரை. வரிசையாக நெற்கதிர்கள், ஏழாவது கதிர் மட்டும் சற்றே வளைந்திருக்கும், அதன்மேல் ஒரு சிட்டுக்குருவி. குருவியின் பாரத்தில்தான் கதிர் வளைந்திருக்கிறது என்பது உற்றுப் பார்த்தால் விளங்கும். தாளில் வரையாமல் நேராகத் திரையிலேயே புள்ளி புள்ளியாக வைத்து உருவாக்கினாள். மாதிரிக்கு நான்கே நான்கு சேலைகள் நெய்யப்பட்டு, சென்னை வியாபாரி ஒருவரிடம் போயின.

ஒரு நாள் நான் போனபோது, கஸ்தூரி பூட்டிய அறையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். முதலாளி கல்யாணத்துக்காகப் போளூர் போயிருந்தார். சாவியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மறுநாள் அவரிடம், ஒரு மனிதர் ஊரில் இல்லாததால் வேலை நிற்பது நியாயமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"உள்ள கீறது என் சொத்து சார். சொத்துக்குப் பூட்டு போடாம வேற இன்னாத்துக்குப் போடறது?"

பளபளத்த குறுந்தகடுகள்

சில ஆண்டுகள் கழித்து, அவருடைய டிசைன்கள் அனைத்தையும் மூன்று குறுந்தகடுகளில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். "இவற்றைப் பத்திரமாக, தூசு படாமல் வைத்திருங்கள்" என்றேன். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியதற்கான தண்டனையை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தறிக்கு வைத்தார்கள், தராசுக்கு வைத்தார்கள். தொழில் செய்யும் பொருளில் எதையும் ஒதுக்கிவைப்பது பாவம் அல்லவா? குறுந்தகடுகளுக்கும் இரு பக்கமும் வைத்தார்கள். பூஜை முடிந்ததும் தனசேகரின் மனைவி, பித்தளைக் குத்துவிளக்கோடும் தாம்பாளத்தோடும் சேர்த்து அந்த மூன்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, உறைக்குள் போட்டுவைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் இடி இறங்கியது. கணினியின் வன்தட்டு கருகிப்போனது. நான் நிம்மதியாகக் குறுந்தகடுகளைக் கேட்டு வாங்கினேன். என் முகம் அவற்றில் தெரியுமளவுக்குப் பளபளத்தன, முழுக்கக் கீறல்கள். ஒரு டிசைன்கூட மீளவில்லை. குருவிக் கரையை நெய்யத் தறியில் மாட்டிய துளையிட்ட அட்டைகளாவது தறியருகே இருக்குமா என்று தேடினோம். அடுத்த டிசைனுக்கு இடம் வேண்டுமென்று அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தார்கள். நான் அந்த அம்மையாரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கி நின்றார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"நீங்கதான சார் சொன்னீங்க, சுத்தமா வெச்சிக்கோங்கன்னு?"

வேறு குருவி

மற்ற டிசைன்களைக் கடைகளிலிருந்த சேலைகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்துகொண்டார்கள். குருவிக் கரை போட்ட நான்கு சேலைகள் மட்டும் யார் வீட்டுக்குப் போயின என்று சென்னை வியாபாரிக்கே நினைவில்லை.

கஸ்தூரி அழவில்லை. அன்று முதல் பேருந்தில் ஏறும் பெண்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்கள் காலடியில் புரளும் கரையைப் பார்க்கத் தொடங்கினாள். தொலைத்ததில் எனக்கும் பங்கு இருந்ததால் நானும் தொடங்கினேன். முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் பார்வை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை கதிர்களைக் கண்டு நெஞ்சம் துள்ளி, எண்ணிக்கொண்டே பந்தி வரிசை நெடுகப் பின்தொடர்ந்தேன். ஏழாவது கதிர் நிமிர்ந்தே இருந்தது. என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அவங்க வீட்டுக்காரர் அப்போ புட்ச்சி உங்களயே பாத்துகினு கீறாரு."

நினைவிலிருந்து வரைந்தால் என்ன என்று கஸ்தூரியிடம் கேட்டேன். பலமுறை வரைந்திருக்கிறாள். ஒன்றைத் திரையில் காட்டினாள். எனக்கு அது அதேபோலத்தான் தோன்றியது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு அழித்தாள்.

"வர்து சார். ஆனா இது வேற குருவி."

விதைநெல்லும் எலியும்

பிறகு அவள் தந்தை கீழே விழுந்து படுத்த படுக்கையானார். அவரை விட்டு வர ஆளில்லாமல் கஸ்தூரி வேலையை விட்டாள். புதிதாக வந்தவர்களின் டிசைன்கள் தனசேகருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்து நெருங்கும்போது அகலப்பட்டை இணையம் எங்கள் ஊருக்கும் வந்திருந்தது. எங்கோ தொலைவில், காவலும் மின்சாரமும் குறையாத பெரிய கணினிக் கூடங்களில் வாடகைக்கு இடம் பிடித்து, ஆர்டர் பதியும் மென்பொருளையும் டிசைன் கோப்புகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதை மேகம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நான் தனசேகரிடம் போய், முதலில் ஒரு கதை சொன்னேன்.

"ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் விதைநெல் முழுவதையும் தன் வீட்டுக் குதிரிலேயே வைத்துக் காவல் காத்தான். இளையவன் பாதியைச் சந்தவாசலில் இருந்த தங்கை வீட்டில் கொடுத்துவைத்தான். ஒரு கோடையில் இருவர் வீடும் தீப்பிடித்தன. ஆடிப் பட்டத்தில் விதைத்தவன் யார்?"

தனசேகர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"எல்லாம் சரிதான் சார். அந்தத் தங்கச்சி வூட்ல எலி இருந்தா?"

அவசரமில்லை

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நல்ல கூடத்தில் ஒரே நெல்லை இரண்டு மூன்று குதிர்களில் பிரதி எடுத்து வைப்பார்கள் என்றேன். அதையும் முழுக்க நம்பாமல் ஒரு பிரதியை நம் கையிலும் வைத்திருப்போம் என்றேன். யார் எதைத் திறக்கலாம் என்ற சாவி உங்களிடமே இருக்கும், ஆனால் நீங்கள் கல்யாணத்துக்குப் போனாலும் வேலை நிற்காது என்றேன். எதற்கும் அவர் அசையவில்லை. கடைசியில், "கஸ்தூரி களம்பூரில் வீட்டிலிருந்தபடியே உங்களுக்கு வரைந்து கொடுக்கலாம்" என்றேன். அவர் மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இத்த மொதல்லயே சொல்லி இருக்கக்கூடாதா?"

களம்பூரில் அவள் தந்தையின் கட்டிலுக்கு அருகே ஒரு பழைய கணினியை நானே பொருத்திக் கொடுத்தேன். அவள் காலையில் அனுப்பும் கரையைத் தனசேகர் ஆரணியில் பார்ப்பார். சென்னை வியாபாரி அன்றே பார்த்து ஆர்டர் சொல்வார். நடுவில் இணையம் அறுந்துபோன நாட்களும் உண்டு. அன்று கையிலிருந்த பிரதியை வைத்து ஓட்டினோம். ஒரு மழை நாளில் மீண்டும் இடி இறங்கி, ஆரணிக் கணினி கருகியது. பழைய நாளாக இருந்தால் தனசேகரின் அலறல் தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். அன்று அவர் குரல் சாப்பிட்டுவிட்டுப் பேசுபவர் குரல்போல இருந்தது.

"மெஷினு செத்துப்போச்சி சார். ஆனா வேலை நடந்துகினு கீது. ஜல்தியா வரவேணாம், மெதுவா வாங்க."

காலி உறை

அந்த வாரம் கோப்புகளைச் சரிபார்த்தபோது, கஸ்தூரியின் பகுதியில் ஒரு கோப்புறை காலியாக இருந்தது. அதற்குக் "குருவி" என்று பெயர். உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. ஏதோ அழிந்துவிட்டது என்று பதறிக் களம்பூருக்கே போய்விட்டேன். அவள் தந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியை வைக்காமலே சிரித்தாள்.

"அழியல சார். நான்தான் வெச்சேன். என்னிக்காவது யார் மேலயாவது அந்தச் சேலயப் பாத்துட்டா, வெக்கறதுக்கு எடம் வோணும் இல்ல?"

அன்பர்களே, அந்த இடம் நான் குறுந்தகடுகளைக் கொடுத்த அன்றே இருந்திருக்க வேண்டியது. உங்கள் கடையிலும் யாரோ ஒருவர் திரையின் முன்னால் அமர்ந்து, இனி ஒருமுறை வராத ஒன்றை இப்போது வரைந்துகொண்டிருக்கிறார். அடுத்த பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இன்றே, கடையை அடைப்பதற்கு முன், அதில் ஒரு பிரதியை உங்கள் கூரைக்கு வெளியே, இடியும் புளியும் எட்டாத தொலைவுக்கு அனுப்பிவிடுங்கள். கல்யாண மண்டபங்களில் பிறர் மனைவியரின் சேலைக் கரையை எண்ணிக்கொண்டு பின்னால் நடக்கும் வேலைக்கு இந்த ஊரில் நான் ஒருவன் போதும்.