உறுமலை நிறுத்தச் சொன்னேன்

எங்கள் லாப்ரடார் மூன்று வயது வரை யாரையும் பார்த்து உறுமியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நான் வங்கி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளைப்பாக்கம் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய வீடு. கீழே நானும் கணவரும். மாடியறையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்கு வந்த ஒரு பெண் குடியிருந்தாள். இருபது வயது இருக்கலாம். காலையில் மோட்டார் போட்டதும் பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கி வருவாள். நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள்.

அந்த வருடம் நாத்தனாரின் வளைகாப்பை எங்கள் வீட்டில் வைப்பதாக முடிவாயிற்று. அதைப் பற்றிப் பேச வந்த உறவுக்காரர் ஒருவர் நாயின் தலையைத் தடவினார். அது பல்லைக் காட்டி உறுமியது. அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். எனக்கு மானமே போனதுபோல் இருந்தது.

போலீஸ் நாய்ப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் குன்றத்தூரில் இருப்பதாகச் சொன்னார்கள். வரவழைத்தோம். அவர் நாயைத் தொடவேயில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தினி நாளா உறுமாத நாய் இப்ப உறுமுதுன்னா, எங்கனா நோவு கீதும்மா. மொதல்ல மாட்டாஸ்பத்திரில காட்டுங்க. அப்பால நீங்களும் சாரும் தெனம் அரை மணி என்கூட நிக்கணும். நாய்க்குக் கத்துக்குடுக்கறதவிட வூட்ல இருக்கறவங்களுக்குக் கத்துக்குடுக்கறதுதான் ஜாஸ்தி."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"மூணு மாசமும் ஆகலாம். நாயப் பொறுத்து கீது. உங்களயும் பொறுத்து."

"வளைகாப்புக்குள்ள உறுமறத மட்டும் நிறுத்திக் குடுக்க முடியாதா?"

"அத்த மட்டும் நிறுத்தக் கூடாதும்மா" என்றார்.

எனக்கு அது நாள் கடத்தும் பேச்சாகத்தான் பட்டது. அலுவலகத்தில் விசாரித்து இன்னொருவரைப் பிடித்தேன். பைக்கில் வந்து விசிட்டிங் கார்டு நீட்டினார். "பத்தே நாள், மேடம். நீங்க பக்கத்துலகூட இருக்க வேணாம். நீங்க இருந்தா அது செல்லம் கொஞ்சும்" என்றார். நான் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றதுதான் எனக்குப் பிடித்தது. கணவர், "அவர் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரே" என்று இழுத்தார். "விசேஷம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று வாயை அடைத்தேன்.

பைக்கில் வந்தவர் கொண்டு வந்த சங்கிலியின் உட்பக்கம் இரும்பு முட்கள் இருந்தன. நாயின் தலையைத் தொடுவார். அது உறுமினால் சங்கிலியைச் சுண்டி இழுப்பார். மறுபடி தொடுவார். மூன்றாம் நாள் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். நாய் போட்ட கத்தல் மனிதக் குரல் மாதிரி இருந்தது. நான் மிக்ஸியைப் போட்டேன். அரைத்து முடித்திருந்த சட்டினியையே மறுபடி அரைத்தேன்.

பத்து நாளில் உறுமல் நின்றுவிட்டது. வளைகாப்புக்கு வந்த எல்லோரும் நாயைத் தடவினார்கள். "எவ்ளோ சாது!" என்று ஒருத்தி சொன்னபோது, நானே கஷ்டப்பட்டு வளர்த்ததுபோல் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வழக்கம்போல் குடத்தோடு இறங்கி வந்த மாடிப் பெண் குனிந்து காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். எந்தச் சத்தமும் இல்லை. குடம் உருளும் ஓசை கேட்டுத்தான் நான் ஓடி வந்தேன். அவளது வலது உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ என்ன பண்ணினே?" என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"ஒண்ணும் பண்ணலக்கா... எப்பவும்போலத்தான் தொட்டேன்."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசி போடும்முன் நர்ஸ் கேட்டார்: "வீட்டு நாய்தானே? சும்மா இருக்கும்போதா கடிச்சுது?"

"தூங்கிட்டிருந்தது. இவ தெரியாம மிதிச்சிட்டா" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "ஆமா, மிதிச்சிட்டேன்" என்றாள்.

அவளது வேலை சின்னச் சின்னத் திருகாணிகளைப் பொருத்துவது. கட்டுப் போட்ட கையோடு அதைச் செய்ய முடியாது. பல நாள் மாடியறையிலேயே கிடந்தாள். மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடத் தோன்றும்.

குன்றத்தூர்க்காரரை மறுபடி கூப்பிட்டு, முட்சங்கிலி முதல் எல்லாவற்றையும் சொன்னேன். நாயோடு எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனதே அவர்தான். டாக்டர் காதைத் திருப்பிக் காட்டினார். உள்ளே சிவந்து, சீழ் கோத்திருந்தது. மாதக் கணக்காக இருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை. "நோவுதுன்னு வாய் தொறந்து சொல்லிச்சு. சொன்னதுக்கு அடி வுழுந்துச்சு. அப்பறம் அது இன்னாதான்மா பண்ணும்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

காது ஆறியபின் தினமும் அரை மணி நேரம் நானும் கணவரும் அவரோடு நின்றோம். நான் 'சிட்' என்பேன், கணவர் 'உக்காரு' என்பார். அந்தக் குழப்பம்கூட அதுவரை எங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்த அந்த நொடியிலேயே பிஸ்கட் துண்டைக் கொடுக்க வேண்டும் என்பதைக் கற்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் தலைக்கு மேல் கை போனால் நாய் ஒடுங்கிப்போவது மட்டும் மாறவே இல்லை. நான் கை தூக்கிக் கூந்தலை முடிந்தால்கூடத் தரையோடு பதுங்கும்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் ஒரகடம் பக்கம் ஹாஸ்டலுக்கு மாறுவதாகச் சொன்னாள். கிளம்பும் நாள் காலையில்தான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தச் சங்கிலி, முதல் பயிற்சியாளர் சொன்னது, காதுச் சீழ், நர்ஸிடம் நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அவரு சங்கிலியப் பிடிச்சு இழுக்கும்போது நான் மேல நின்னு பாத்துக்கிட்டுதாம்லா இருந்தேன். பாவமா இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க ஏசுவீங்களோன்னு பயம். ரூம காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவேன்? ஆஸ்பத்திரிலயும் அதான்க்கா."

அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். வழியெல்லாம் அவள், ஊரில் தங்கைக்குப் பரீட்சை நடப்பதையும், முடிந்ததும் அவளையும் வேலைக்கு அழைத்து வரப்போவதையும் பேசிக்கொண்டே வந்தாள். பஸ் வந்தது. பெட்டியை என்னிடமிருந்து இடது கையால் வாங்கிக்கொண்டு ஏறினாள்.